தோல் ஆலைகளில் வால்வு ஒழுகாமல் காப்பது எப்படி

ஒரு வால்விலிருந்து திரவம் வெளியே வருவதற்கு நான்கு இடங்களே உண்டு. வால்வைத் திறந்து மூடும் தண்டான ஸ்பிண்டில் வெளிவரும் கிளாண்டு, வால்வின் உடலும் மூடியும் சேரும் பானட் இணைப்பு, குழாயோடு போல்ட் போட்டுச் சேரும் விளிம்பான பிளாஞ்சு, அரிப்பாலோ வார்ப்புக் குறையாலோ துளைபட்ட உடல் ஆகியவையே அவை. ஐந்தாவது வகைக் கசிவு கண்ணுக்குத் தெரியாது. வால்வை முழுக்க மூடிய பிறகும் திரவம், வால்வின் கதவு அமரும் இடமான சீட்டைத் தாண்டி மறுபக்கம் போய்க்கொண்டிருக்கும். ‘வால்வு பாஸாகுது’ என்று பிட்டர்கள் சொல்வது இதைத்தான்.

இவற்றில் எது நேர்ந்தாலும் நம் ஆலைகளில் முதலில் கையில் எடுக்கப்படுவது ஸ்பேனர். “கொஞ்சம் டைட் பண்ணா நின்னுடும் சார்” என்று பிட்டர் சொல்வார். அன்றைய ஷிப்டுக்கு அது நிற்கவும் செய்யும். ஆனால் மாதம் இருமுறை இறுக்கப்படும் கிளாண்டையோ பிளாஞ்சையோ கழற்றிப் பார்த்தால், வால்வைத் தேர்ந்தெடுத்தபோதும் பொருத்தியபோதும் செய்யாமல் விட்ட வேலைதான் பெரும்பாலும் உள்ளே இருக்கும். ஆகவே இந்த வழிகாட்டி அந்த இரண்டு கட்டங்களுக்கே அதிக இடம் தருகிறது.

பழைய வட ஆற்காடு மாவட்டத்தின் தோல் தொழில் இன்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்று மாவட்டங்களில் பரவியிருக்கிறது. மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என எந்த ஊரின் ஆலையிலும் ஒரே கூரையின் கீழ் உப்புநீர், சுண்ணாம்புக் குழம்பு, சல்பைடு, கந்தக அமிலம், தோலைப் பதனிடும் குரோம் லிக்கர், எண்ணெய், நீராவி ஆகிய அனைத்தும் தனித்தனிக் குழாய்களில் ஓடுகின்றன. பாலாற்றுப் படுகையின் மாசு குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் தீர்ப்பளித்த பிறகு கழிவுநீர் விதிகள் இறுகின. இன்று பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கழிவுநீரை வெளியே விடாமல், சவ்வூடு வடிகட்டி, எஞ்சியதை ஆவியாக்கி முடிக்கும் முறைக்கு வந்துவிட்டன. தரையில் ஒழுகும் ஒவ்வொரு லிட்டரும் கழிவுநீர்க் கணக்கில் ஏறி, காசு கொடுத்து ஆவியாக்கப்பட வேண்டியதாகிறது. நொடிக்கு ஒரு சொட்டு என்றால், 20 சொட்டு ஒரு மில்லிலிட்டர் என்று வைத்துக்கொண்டு, நாளைக்கு நான்கு லிட்டருக்கு மேல் வரும். தோலைப் பதப்படுத்தும் உருளைகள் உள்ள ஒரு டிரம் ஹவுஸில் அப்படி ஒழுகும் வால்வு ஒன்றே ஒன்றாக இருப்பது அபூர்வம்.

எது ஒழுகுகிறது என்று முதலில் கண்டுபிடித்தல்

சொட்டு விழும் இடமும் ஒழுகும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. கிளாண்டில் கசிந்த திரவம் பானட்டின் மேல் வழிந்து, உடலைச் சுற்றி இறங்கி, பிளாஞ்சின் கீழ் போல்ட்டில் வந்து சொட்டும். பிளாஞ்சைக் குற்றம் சொல்லி இறுக்கினால் பயன் இருக்காது. ஆகவே வால்வு முழுவதையும் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, கிளாண்டைச் சுற்றியும், பானட் இணைப்பைச் சுற்றியும், இரு பிளாஞ்சுகளைச் சுற்றியும் தனித்தனியே வெள்ளைத் தாள் கட்டிச் சிறிது நேரம் விட்டுப் பார்க்க வேண்டும். முதலில் நனையும் தாளே விடை. அமிலக் குழாயில் பி.எச். தாளைக் கட்டினால் நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும். இந்த வேலைக்குக் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். காற்றுக் குழாய்க்குச் சோப்பு நீர் போதும். லேகிங் (வெப்பம் காக்கும் உறை) போட்ட நீராவி வால்வில் கசிவு லேகிங்குக்குள்ளேயே ஊர்ந்து வெகுதூரம் தள்ளி வெளிவரும் என்பதால், வால்வைச் சுற்றிய பகுதியை மட்டும் கழற்றி மாட்டும் உறையாக வைத்துக்கொள்வது நல்லது.

உள்ளே பாஸாகும் வால்வைக் கண்டுபிடிப்பதற்கு வேறு வழி தேவை. நீராவி வால்வை மூடி அரை மணி நேரம் கழித்தும் அதற்கு அப்பாலுள்ள குழாய் ஆறாமல் இருந்தால் சீட்டில் கோளாறு உண்டு. வெப்பமானியால் வால்வுக்கு முன்னும் பின்னும் அளந்து எழுதிக்கொண்டால் ஐயம் தீரும். தண்ணீர், அமிலக் குழாய்களில் வால்வுக்குப் பின்னால் ஒரு சிறு வடிகுழாய் இருந்தால் அதைத் திறந்து பார்க்கலாம். புதிதாகக் குழாய் போடும்போது இந்த வடிகுழாயைச் சேர்க்கச் சொல்ல வேண்டும். பின்னால் அதற்காகக் குழாயை அறுப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

திரவத்துக்கு ஏற்ற வால்வு

கடைக்காரரிடம் ‘இரண்டு இஞ்ச் பால் வால்வு’ (துளையிட்ட உருண்டை திரும்பித் திறந்து மூடும் வகை) என்று மட்டும் கேட்டு வாங்குவதே நம் பகுதியின் பாதிக் கசிவுகளுக்குத் தொடக்கம் என்பது என் கருத்து. அளவோடு திரவம், அதன் அடர்த்தி, வெப்பம், அழுத்தம், வால்வு திறந்து மூட மட்டுமா அல்லது அளவைக் கட்டுப்படுத்தவுமா என்ற ஐந்தையும் தாளில் எழுதிக் கொடுத்து வாங்க வேண்டும்.

பதனிடும் முன் தோலை ஊறவைக்கும் பிக்கிள் திரவத்தில் உப்பும் அமிலமும் சேர்ந்திருக்கின்றன. ‘ஸ்டெயின்லெஸ் போட்டால் ஒன்றும் ஆகாது’ என்ற நம்பிக்கை இங்கே கை கொடுக்காது, ஏனெனில் உப்பிலுள்ள குளோரைடு எஸ்.எஸ். 304-ஐ விரைவாகவும் 316-ஐச் சற்றுத் தாமதமாகவும் ஊசிமுனைக் குழிகளாகத் துளைக்கும். வெளியே பளபளப்பாக இருக்கும் வால்வின் உட்சுவர் குழிந்து கிடக்கும். ரப்பர் அல்லது டெஃப்லான் உள்ளுறை இட்டு, வளையும் சவ்வை அழுத்தி மூடும் டயாபிரம் வால்வோ, பாலிபுரொப்பிலீன் வால்வோ அங்கே பொருந்தும். டயாபிரம் வால்வில் திரவம் ஸ்பிண்டிலைத் தொடுவதே இல்லை என்பதால் கிளாண்டுக் கசிவு என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் டயாபிரம் கிழிந்தால் திரவம் பானட் வழியே வந்துவிடும். அதனால் அதை ஆண்டுக்கு ஒருமுறையாவது கழற்றிப் பார்த்து, விரிசல் தென்பட்டால் மாற்ற வேண்டும்.

டயாபிரத்தின் ரப்பர் எந்த வகை என்பதும் முக்கியம். ஈ.பி.டி.எம். ரப்பர் அமிலத்தையும் காரத்தையும் வெந்நீரையும் தாங்கும், எண்ணெயைத் தாங்காது. தோலுக்கு மென்மை தரும் ஃபேட்லிக்கர் குழாயில் ஈ.பி.டி.எம். டயாபிரத்தைப் போட்டால் அது எண்ணெயைக் குடித்து ஊதி, வால்வு சரியாக மூடாமல் போய், பிறகு கிழியும். அங்கே நைட்ரைல் ரப்பர் வேண்டும். இரண்டும் கறுப்பாகவே இருப்பதால் ஸ்டோரில் கலந்துவிடுவது எளிது. வகை எழுதிய பையிலேயே வைத்திருந்து, பொருத்தும் நேரத்தில் மட்டும் பிரிப்பது பாதுகாப்பு.

சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் கலந்த குழம்புக்குப் பித்தளை வால்வு கூடவே கூடாது. சல்பைடு செம்புக் கலவைகளைக் கறுக்கச் செய்து அரிக்கும். வார்ப்பிரும்பு காரத்தைத் தாங்கினாலும், சுண்ணாம்பு படிந்து இறுகிவிடுவதால் கேட் வால்வின் அடிப்பள்ளம் நிரம்பி, கதவு முழுக்க இறங்காது. அதை மூடக் கைச்சக்கரத்தில் குழாயைச் செருகி முறுக்குவார்கள், ஸ்பிண்டில் வளையும், வளைந்த ஸ்பிண்டில் கிளாண்டைத் தின்னும். குழம்புக்கும் கசடுக்கும் கத்தி போன்ற தகடு இறங்கி மூடும் நைஃப் கேட் வால்வு அல்லது ரப்பர் குழலை நசுக்கி மூடும் பிஞ்ச் வால்வே ஏற்றது.

98 சதவீதக் கந்தக அமிலத்தைச் சாதாரண எஃகு குறைந்த வேகத்திலும் அறை வெப்பத்திலும் தாங்குகிறது, ஏனெனில் இரும்புச் சல்பேட் படலம் ஒன்று உள்ளே படிந்து காக்கிறது. ஆனால் அதே அமிலம் கிளாண்டு வழியே ஒரு சொட்டு வெளிவந்தால், காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து நீர்த்துப்போய், சொட்டு விழுந்த போல்ட்டையும் நட்டையும் மளமளவென அரிக்கத் தொடங்குகிறது. அமில வால்வுகளின் உடல் நன்றாக இருக்கும்போதே பானட் போல்ட்டுகள் பென்சில் அளவுக்கு இளைத்துக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆகவே அமிலக் குழாயில் சிறு ஈரம்கூடப் பொறுத்துக்கொள்ளத் தக்கதாகாது. டெஃப்லான் உள்ளுறை இட்ட வால்வைப் போட்டு, பிளாஞ்சுகளின் மேல் தெறிப்பு தடுக்கும் உறையையும் கட்ட வேண்டும்.

நீராவிக்கு வருவோம். 7 பார் அழுத்தத்தில் நிறைவுற்ற நீராவியின் வெப்பம் சுமார் 170 டிகிரி செல்சியஸ். 10 பாரில் சுமார் 184 டிகிரி. இந்த வேலைக்குச் சீட்டின் மேல் வட்டு இறங்கி மூடும் குளோப் வால்வு அல்லது பிஸ்டன் வால்வு சரி. முதன்மைக் குழாயில் பணம் செலவிட முடிந்தால் ஸ்பிண்டிலைச் சுற்றி உலோகத் துருத்தி பற்றவைக்கப்பட்ட பெல்லோஸ் வால்வை வாங்கலாம். அதில் கிளாண்டு இரண்டாவது காவலாகவே இருக்கும். இந்திய பாய்லர் விதிகளுக்கு உட்பட்ட நீராவிக் குழாயில் மாட்டும் வால்வுக்குப் படிவம் 3-சி சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் எண்ணும் வால்வில் குத்தியிருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று வாங்கும்போதே பார்த்துவிட வேண்டும்.

கிளாண்டில் பேக்கிங் போடுதல்

மேலே சொன்ன கசிவுகளில் அன்றாடம் நம் கைக்கு வருவது கிளாண்டுக் கசிவுதான். ஸ்பிண்டிலைச் சுற்றியுள்ள பெட்டியில் பேக்கிங் என்ற பின்னல் கயிற்றை வளையங்களாக நிரப்பி, மேலிருந்து கிளாண்டால் அழுத்தி அடைப்பதே இங்குள்ள ஏற்பாடு. அரைமணி நேர வேலை என்று நினைத்துச் செய்யப்படுவதால்தான் அது திரும்பத் திரும்ப வருகிறது.

முதலில் குழாயைத் தனிமைப்படுத்தி, அழுத்தத்தை முழுக்க இறக்கி, வடித்து, திரவம் வரும் பக்கத்து வால்வுக்குப் பூட்டும் எச்சரிக்கை அட்டையும் போட வேண்டும். கேட் வால்விலும் குளோப் வால்விலும் முழுக்கத் திறந்த நிலையில் ஸ்பிண்டிலின் தோள் மேலே அமர்ந்து அடைக்கும் ‘பேக் சீட்’ உண்டு என்பதை நம்பி, அழுத்தம் உள்ளபோதே பேக்கிங்கை எடுக்கும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. அந்தச் சீட்டில் ஒரு துணுக்கு அழுக்கு இருந்தால் போதும், நீராவியோ அமிலமோ நேரே முகத்துக்கு வரும். இதை எந்த அவசரத்திலும் அனுமதிக்கக் கூடாது. அழுத்தமானி பூச்சியம் காட்டினாலும் கிளாண்டு நட்டுகளைக் கழற்றும்போது பக்கவாட்டில் நின்று, இரண்டையும் சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும்.

பழைய பேக்கிங்கை முழுவதுமாக எடுக்க வேண்டும். மேலே இருக்கும் இரண்டு மூன்று வளையங்கள் கொக்கிக்கு எளிதாக வந்துவிடும். அடியில் உள்ளது கருங்கல் போல இறுகி, சுவரோடு ஒட்டி, கறுத்துப் பளபளக்கும். பார்ப்பவர் அதைப் பெட்டியின் தரை என்றே நினைத்து அதன் மேல் புதிய கயிற்றைப் போட்டுவிடுவார். டார்ச் அடித்துப் பார்த்து, ஒரு மெல்லிய கம்பியால் ஆழத்தை அளந்து, வால்வின் வரைபடத்தோடு ஒப்பிட்டால் உண்மை தெரியும். கொக்கியால் ஸ்பிண்டிலைக் கீறிவிடாமல் எடுப்பதற்கு வளைந்து கொடுக்கும் தண்டுள்ள பேக்கிங் திருகு நல்லது.

பெட்டி வெறுமையானதும் ஸ்பிண்டிலைப் பார்க்க வேண்டும். அதன் மேல் விரல் நகத்தை மெதுவாக இழுத்துச் செல்லுங்கள். நகம் எங்காவது மாட்டினால் அங்கே பேக்கிங் நிற்காது. குறுக்கே ஓடும் கீறலைவிட, நீளவாக்கில் ஓடும் கீறல் ஆபத்தானது. அது திரவம் ஏறி வருவதற்கான வாய்க்கால். சிறு சொரசொரப்பை மென்மையான எமரித் தாளால் சுற்றுவாக்கில் தேய்த்து நீக்கலாம். குழி விழுந்திருந்தால் ஸ்பிண்டிலை மாற்றுவதே வழி. ஸ்பிண்டிலில் வளைவு இருந்தால் எவ்வளவு நல்ல பேக்கிங்கும் சில நாட்களுக்கே தாங்கும்.

கயிற்றின் அளவைக் கண்ணால் குத்துமதிப்பாக எடுக்கக் கூடாது. பெட்டியின் உள்விட்டத்திலிருந்து ஸ்பிண்டிலின் விட்டத்தைக் கழித்து இரண்டால் வகுக்க வேண்டும். பெட்டி 38 மி.மீ., ஸ்பிண்டில் 22 மி.மீ. என்றால் கயிறு 8 மி.மீ. கையிருப்பில் 10 மி.மீ. கயிறு மட்டுமே இருக்கிறது என்று சுத்தியால் தட்டிச் சப்பையாக்கிப் போட்டால் பின்னல் உடைந்து, இழைகளுக்கு இடையே வழி திறந்துவிடும்.

ஸ்பிண்டில் விட்டத்துக்குச் சமமான ஒரு தண்டில் கயிற்றைச் சுற்றி, கூர்மையான கத்தியால் 45 டிகிரிச் சாய்வில் வெட்டி, ஒவ்வொன்றையும் தனி வளையமாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரே நீளக் கயிற்றைச் சுருளாகச் சுற்றிப் பெட்டியை நிரப்புவதுதான் நம் ஆலைகளில் மிகுதியாகக் காணும் தவறு. அந்தச் சுருளின் வழியே திரவம் கீழிருந்து மேல்வரை சுற்றிச் சுற்றி வருவதற்கு ஒரு பாதையை நாமே செய்து கொடுக்கிறோம். வளையங்களை ஒவ்வொன்றாக இறக்கி, இரண்டாகப் பிளந்த புஷ் ஒன்றால் ஒவ்வொன்றையும் அடி வரை அழுத்தி அமர்த்தி, வெட்டுவாய் ஒன்றுக்கு மேல் ஒன்று வராமல் 90 டிகிரி தள்ளித் தள்ளி வைக்க வேண்டும்.

ஐந்து வளையங்கள் பெரும்பாலான வால்வுகளுக்குப் போதும். பெட்டி ஆழமாக இருக்கிறதென்று பத்து வளையங்களைத் திணிப்பதால் பயனில்லை. கிளாண்டின் அழுத்தம் மேல் வளையங்களிலேயே செலவாகிவிடும். கீழே உள்ளவை வெறுமனே இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். ஆழமான பெட்டியின் அடியில் ஓர் உலோக அல்லது கார்பன் புஷ்ஷைப் போட்டு உயர்த்திக்கொள்வது முறை. கடைசி வளையம் போட்டபின் கிளாண்டின் மூக்கு பெட்டிக்குள் குறைந்தது 3 மி.மீ. இறங்கியிருக்க வேண்டும், பிற்பாடு இறுக்குவதற்கு மேலே இடைவெளியும் மிச்சமிருக்க வேண்டும்.

இறுக்கும்போது இரு நட்டுகளையும் மாற்றி மாற்றி, ஒரு முறைக்கு நட்டின் ஒரு பட்டை அளவே திருப்ப வேண்டும். கிளாண்டுக்கும் பெட்டிக்கும் உள்ள இடைவெளியை இருபுறமும் அளந்து சமமாக வைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கிளாண்டு சாய்ந்து ஸ்பிண்டிலைத் தேய்க்கும். ஓரளவு இறுக்கியதும் வால்வை ஐந்தாறு முறை முழுக்கத் திறந்து மூடினால் வளையங்கள் படியும். நட்டுகள் தளர்ந்திருப்பது கைக்குத் தெரியும். மீண்டும் இறுக்க வேண்டும். ஒரு நாள் ஓடிய பிறகு இன்னொரு முறை பார்க்க வேண்டும். இங்கே பம்பின் கிளாண்டையும் வால்வின் கிளாண்டையும் ஒன்றாகக் கருதும் பழக்கத்தையும் விட வேண்டும். கயிறு போட்ட பம்பில் தண்டு வேகமாகச் சுற்றுவதால் குளிர்ச்சிக்காகச் சில சொட்டுகள் வரத்தான் வேண்டும். வால்வுக்கு அந்தத் தேவை இல்லை.

பேக்கிங்கின் பொருளைப் பொறுத்தவரை, நீராவிக்குக் கிராபைட், அமிலத்துக்கும் காரத்துக்கும் டெஃப்லான் என்ற பொதுவிதி பெரும்பாலும் போதுமானது. டெஃப்லான் சுமார் 260 டிகிரி வரை தாங்கும் என்று அட்டவணைகள் சொன்னாலும், அழுத்தத்தில் மெல்ல வழிந்து நகரும் இயல்பு அதற்கு உண்டு என்பதால் அடிக்கடி இறுக்கிப் பார்க்க வேண்டும். குரோமிக் அமிலம் போன்ற கடும் ஆக்சிஜனேற்றிகளுக்குக் கிராபைட் ஆகாது. இன்னொன்றும் கவனிக்கப்படுவதில்லை: கிராபைட் போட்ட வால்வைத் தண்ணீரால் சோதித்துவிட்டு ஈரத்தோடு மாதக்கணக்கில் ஸ்டோரில் வைத்தால், கிராபைட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்பிண்டிலும் ஈரத்தில் மின்கலம்போல் இயங்கி ஸ்பிண்டிலில் குழி விழும். புதிய வால்வு முதல் வாரமே ஒழுகுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிளாஞ்சும் கேஸ்கெட்டும்

பிளாஞ்சில் ஒழுகினால், இடையில் வைக்கும் அடைப்பான கேஸ்கெட்டைக் குறை சொல்வதற்கு முன் குழாய் நேராக வருகிறதா என்று பார்க்க வேண்டும். போல்ட்டுகளை எல்லாம் கழற்றியதும் குழாய் ஒரு பக்கம் துள்ளினால், இதுவரை அந்த இழுவிசையைப் போல்ட்டுகளே தாங்கியிருக்கின்றன என்று பொருள். தாங்கு சட்டத்தை முதலில் சரிசெய்யாமல் எத்தனை கேஸ்கெட் மாற்றினாலும் பயனில்லை.

முகப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்யும்போது பழைய கேஸ்கெட்டின் துகள் ஒன்றும் மிச்சமிருக்கக் கூடாது. முகப்பில் உள்ள மெல்லிய வட்ட வரிகள் கேஸ்கெட்டைப் பிடித்துக்கொள்வதற்காகவே இருக்கின்றன. அவற்றைக் கிரைண்டரால் மழித்துவிடக் கூடாது. உள்ளிருந்து வெளியே ஓடும் கீறல் இருந்தால் முகப்பைக் கடைசலில் கொடுத்து எடுக்க வேண்டும். பழைய தகடு கேஸ்கெட்டுகளில் கல்நார் இருக்கக்கூடும் என்பதால் உலர்வாகச் சுரண்டாமல் நனைத்து, முகமூடி அணிந்து எடுப்பது அவசியம்.

கேஸ்கெட்டை ஒருமுறை கழற்றினால் மறுமுறை பயன்படுத்தக் கூடாது. தடிமனானது நன்றாக அடைக்கும் என்ற எண்ணமும் தவறு. முகப்புகள் நேராக இருந்தால் 3 மி.மீ. தகட்டைவிட 1.5 மி.மீ. தகடே நன்றாக நிற்கும். இரண்டு கேஸ்கெட்டை அடுக்குவதும், கிரீஸ் தடவி ஒட்டவைப்பதும் கேஸ்கெட் வழுக்கி வெளியே பிதுங்க வழி செய்யும். நீராவிக்குக் கிராபைட் நிரப்பிய சுருள் கேஸ்கெட், அமிலத்துக்கு டெஃப்லான் உறையிட்டது, பிளாஸ்டிக் பிளாஞ்சுகளுக்கு முழுமுக ரப்பர் என்று தனித்தனியே வைத்துக்கொள்ள வேண்டும். வார்ப்பிரும்பு வால்வின் தட்டையான பிளாஞ்சை, நடுவில் மேடுள்ள எஃகு பிளாஞ்சோடு இணைத்து இறுக்கினால் வார்ப்பிரும்பு ஓரம் முறிந்துவிடும். அங்கே எஃகு பிளாஞ்சின் மேட்டைக் கடைந்து எடுத்துவிட்டு முழுமுகக் கேஸ்கெட் போட வேண்டும்.

கிரீஸ் போட வேண்டிய இடம் போல்ட்டின் மரையும் நட்டு உட்காரும் முகமும்தான். உலர்ந்த, துருப்பிடித்த மரையில் டார்க் ஸ்பேனர் காட்டும் எண்ணில் பெரும்பகுதி உராய்விலேயே போய்விடும். கேஸ்கெட்டுக்குப் போய்ச் சேரும் இறுக்கம் மிகக் குறைவு. இறுக்கும் வரிசையில், சைக்கிள் ரிம்மின் கோட்டம் எடுப்பவர் ஒரே கம்பியைத் திருகிக்கொண்டிருக்க மாட்டார் அல்லவா, அதே பொறுமை இங்கேயும் வேண்டும். எதிரெதிர் போல்ட்டுகளாக மாற்றி, முதல் சுற்றில் வேண்டிய இறுக்கத்தில் 30 சதவீதம், அடுத்ததில் 60, மூன்றாவதில் 100 என்று ஏற்றி, கடைசியாகக் கடிகார வாக்கில் ஒரு சுற்று எல்லாப் போல்ட்டையும் தொட்டு முடிக்க வேண்டும். முதல் சுற்று முடிந்ததும் இரு பிளாஞ்சுகளுக்கும் இடைப்பட்ட இடைவெளியை நான்கு இடங்களில் அளந்து சமமாக்கிக்கொண்டால் மற்றவை எளிது. சில மணி நேரம் கழித்து, குழாய் சூடேறுவதற்கு முன் மீண்டும் ஒருமுறை இறுக்கிப் பார்க்கலாம். சூடேறி இறுகிப்போன தகடு கேஸ்கெட்டைப் பின்னர் இறுக்கினால் அது நொறுங்கும். பாலிபுரொப்பிலீன் வால்வுக்கு இரும்பு வால்வின் பலத்தைக் காட்டக் கூடாது. பின்னால் இரும்பு வளையம் வைத்து, உற்பத்தியாளர் தந்த அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

சீட்டைக் காப்பது

உள்ளே பாஸாகும் வால்வுகளில் பல, கையாளும் முறையால் கெட்டவை. கேட் வால்வைப் பாதி திறந்து ஓட்டத்தைக் கட்டுப்படுத்தினால் கதவு அதிர்ந்து, விளிம்பு தேயும். கட்டுப்படுத்துவதற்குக் குளோப் அல்லது டயாபிரம் வால்வு இருக்கிறது. நீராவி வால்வைச் சிறிதளவே திறந்து வைத்தாலோ, மூடாமல் ஒரு மயிரிழை விட்டாலோ, அந்த இடுக்கில் பாயும் ஈர நீராவி சீட்டில் கம்பி இழுத்தாற்போலக் கோடு கிழித்துவிடும். 7 பார் நீராவி 3 மி.மீ. துளை வழியே போனால் மணிக்கு ஏறத்தாழ 25 கிலோ வீணாகிறது. பாய்லருக்குப் போடும் விறகிலோ நிலக்கரியிலோ அது கணக்காகும்.

புதிய குழாய் போட்டதும் பற்றவைப்புக் கசடும் துருவும் உள்ளே கிடக்கும். குழாயைத் தண்ணீர் விட்டு அலசும் வரை டெஃப்லான் சீட் உள்ள பால் வால்வை மாட்டக் கூடாது, அல்லது முழுக்கத் திறந்தே வைத்திருக்க வேண்டும். பற்றவைக்கும் சூட்டில் டெஃப்லான் சீட் உருக்குலையும் என்பதால் அருகில் வெல்டிங் நடக்கும்போது அதன் நடுப்பகுதியைக் கழற்றி வைக்க வேண்டும். கைச்சக்கரத்துக்கு மேல் குழாய் செருகி முறுக்கும் பழக்கத்தை ஆலை விதியாகவே தடைசெய்யலாம். கையால் மூடாத வால்வு பழுதான வால்வு. அதைக் கழற்றி உள்ளே பார்க்க வேண்டும்.

வெயில்

ஏப்ரல், மே மாதங்களில் வேலூரில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். திறந்த வெளியில் போட்ட குழாயில் இரு வால்வுகளையும் மூடிவிட்டு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனால், இடையே முழுக்க நிரம்பிய திரவம் சூடேறி விரிவடைய இடமின்றி அழுத்தத்தை ஏற்றும். இரும்புக் குழாயில் அடைபட்ட தண்ணீருக்கு ஒரு டிகிரி ஏற்றமே பல பார் அழுத்தத்தைத் தரும். திங்கட்கிழமை காலையில் பிளாஞ்சோ கிளாண்டோ ஒழுகுவதற்கு இதைவிட வேறு காரணம் தேடத் தேவையில்லை. அத்தகைய துண்டுகளில் ஒரு சிறு வெப்ப நிவாரண வால்வு பொருத்த வேண்டும். அதுவரை, மூடும் முன் கொஞ்சம் வடித்துக் காற்றுக்கு இடம் விட வேண்டும். மூடிய பால் வால்வின் குழிக்குள்ளும் இதே அடைப்பு சிறிய அளவில் நேர்வதால், அங்கே குழி அழுத்தத்தைத் தானே வெளியேற்றும் சீட் உள்ளதைக் கேட்டு வாங்கலாம். பிளாஸ்டிக் வால்வுகள் வெயிலில் நொறுங்கும் தன்மை அடைவதால் அவற்றுக்குத் தகடு நிழல் வேண்டும்.

கலக்கக் கூடாதவை

சல்பைடு குழாயின் சொட்டும் அமிலக் குழாயின் சொட்டும் ஒரே வடிகாலில் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு வரும். குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றம் தெரியாமலேயே ஆளை வீழ்த்தும். ஆகவே இவ்விரு குழாய்களின் வால்வுகளையும் ஒன்றின் மேல் ஒன்று வராமல் தள்ளி அமைப்பதும், கீழே தனித்தனித் தட்டு வைப்பதும், வடிகாலைப் பிரிப்பதும் கசிவுத் தடுப்பின் ஒரு பகுதியே. கசிந்த வால்வைப் பழுதுபார்க்கக் குழிக்குள் இறங்க நேர்ந்தால் வாயுமானியும் காற்றோட்டமும் மேலே ஒரு காவலாளும் இல்லாமல் யாரையும் இறக்கக் கூடாது.

சோதனையும் பதிவும்

வாங்கிய வால்வை நேரே குழாயில் மாட்டாமல் பட்டறையில் சோதித்துவிடுவது நல்லது. பொதுவாகப் பின்பற்றப்படும், அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் ஏ.பி.ஐ. 598 முறைப்படி உடலை அதன் அனுமதித்த அழுத்தத்தைப் போல 1.5 மடங்கிலும், சீட்டை 1.1 மடங்கிலும் சோதிப்பர். பெரிய ஏற்பாடு இல்லாத ஆலையிலும் ஒரு கைப்பம்பு, அழுத்தமானி, வாயை அடைக்கும் இரண்டு குருட்டு பிளாஞ்சு இருந்தால் இதைச் செய்துவிடலாம். உள்ளே காற்றுக் குமிழ் இல்லாமல் தண்ணீரை நிரப்பிய பிறகே அழுத்த வேண்டும். காற்றை வைத்து உயரழுத்தச் சோதனை செய்வது உயிராபத்து.

ஒவ்வொரு வால்வுக்கும் ஒரு தகட்டு எண் அடித்து, ஒரு நோட்டில் அதன் திரவம், கேஸ்கெட் வகை, பேக்கிங்கின் அளவும் பொருளும், பொருத்திய நாள் ஆகியவற்றை எழுதிவைத்தால், இரவு ஷிப்டில் வரும் பிட்டர் யாரையும் எழுப்பாமல் சரியான கயிற்றை எடுத்து வருவார். இறுக்கிய நாட்களையும் அதிலேயே குறிக்க வேண்டும். கிளாண்டு முழுக்க இறங்கி இறுக்க இடமில்லாமல் போனாலோ, ஒரே வால்வின் பெயர் ஒரு மாதத்தில் மூன்றாம் முறை வந்தாலோ, அடுத்த நிறுத்தத்தின்போது அதைக் கழற்றி ஸ்பிண்டிலில் நகத்தை இழுத்துப் பார்க்கும் வேலை முதல் வரிசையில் சேர வேண்டும்.